பக்க எண் இல்லாத பெயர்

சாரல் காலத்தில் தென்காசியில் பாதிப் பேருக்கு வேலை ஓடாது. ஹம்னாவுக்கு அப்போதுதான் ஓடும். ஜன்னலைத் திறந்து வைத்து, குற்றாலத்து மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடியே கம்ப்யூட்டரில் புத்தகம் வடிவமைப்பாள். பெரிய சாஃப்ட்வேர் எதுவும் அவளிடம் கிடையாது. வெப்சைட் எழுதுகிற அதே குறிகள்தான். இது தலைப்பு, இது பத்தி என்று ஒவ்வொன்றுக்கும் குறி போடுவாள். அவை தாளில் எப்படித் தெரிய வேண்டும் என்பதை ஸ்டைல் ஷீட் என்கிற தனி ஃபைலில் எழுதுவாள். அதுவரை ஒரே நீளமாகக் கிடந்த எழுத்து, பக்கம் பக்கமாகப் பிரிந்து எண் போட்டுக்கொண்டு நிற்கும். எத்தனை தடவை பார்த்தாலும் அவளுக்கு அது கனவில் நடப்பது மாதிரிதான்.

கடையத்தில் உரக்கடை வைத்திருக்கும் ஞானதுரை, தன் அம்மாவின் வருஷ நினைவு ஜெபத்தில் கொடுக்க ஒரு புத்தகம் கேட்டிருந்தார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கட்டுரை எழுதினார்கள். சவூதியில் இருக்கும் தம்பி சாமும் எழுதி, ஹம்னாவுக்கே வாட்ஸப்பில் அனுப்பிவிட்டான். கேட்டதும் ஞானதுரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"அம்மைக்கு மண்ணு போட வராதவனுக்குப் புஸ்தகத்துல என்ன எடம்? எடுத்துரும்மா."

வெளிநாட்டில் லீவு கிடைப்பது லேசுப்பட்ட காரியமா? மாமனார் மௌத்தான அன்று, அடக்கத்துக்கு வர முடியாமல் துபாயில் இருந்த கணவன் அஹ்சன் போனைப் பிடித்துக்கொண்டு அழுதது ஹம்னாவுக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனாலும் எதிர்த்துப் பேச அவளுக்கு வராது. சரி என்று தலையாட்டிவிட்டு, கட்டுரையை அழிக்காமல், அதை மறைக்கச் சொல்லி ஸ்டைல் ஷீட்டில் ஒரு வரி மட்டும் சேர்த்தாள். அண்ணன் தம்பி சண்டை சாரல் மாதிரி, எப்போது வெறித்து ஓயும் என்று யார் கண்டது?

கெட்டிக்காரிதான். பொருளடக்கத்தை மட்டும் மறந்துவிட்டாள்.

நேரில் வந்து மாதிரிப் பிரதியைப் புரட்டிய ஞானதுரையின் விரல் அங்கேதான் போய் நின்றது. 'அம்மாவும் நானும் – சாம்.' எதிரே பக்க எண்ணுக்குப் பதில் ஒரு பூஜ்யம்.

ஹம்னா மவுஸை எடுத்தாள். "தப்பு எம்மேலதான் அண்ணாச்சி. நான் அழிக்கல, ஒரு வரி எழுதி மறைச்சுத்தான் வச்சேன். கட்டுரை வெளிய தெரியாததால பக்க எண் விழல. இப்பவே பேரையும் எடுத்துருதேன்."

ஜன்னல் வழியாகச் சாரல் வந்து மேசையை நனைத்தது. ஞானதுரை பிரதியை மட்டும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

"கடைசியில அம்மையும் இப்படித்தாம்மா கெடந்தா. வாயில அவன் பேரு இருந்துச்சு. ஆளு இல்ல."

கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மறைக்கிற அந்த வரிய எடுத்துரு" என்றார்.

"ஒங்க கட்டுரை பின்னால தள்ளிப் போயிரும்."

"போட்டும்."

அவள் வரியை எடுத்தாள். மற்றவர்களுடைய பக்கங்கள் தானாக நகர்ந்து இடம் விட்டன. பூஜ்யம் இருந்த இடத்தில் பதினேழு வந்தது. ஞானதுரை போனை எடுத்துத் திரையைப் படம் பிடித்தார்.

"இத அவனுக்கு அனுப்பணும். நம்பர நான் அழிச்சுட்டேம்மா" என்றார். "ஒங்கிட்ட இருக்கும்லா?"