குடிலைச் சுற்றிய கறுப்பு எஞ்சின்

டர்பன்டைன் வாசனை மூக்கில் ஏறினால் எனக்கு இன்றும் கிறிஸ்துமஸ்தான் ஞாபகம் வரும், கூடவே வயிற்றெரிச்சலும். பெங்களூர் ஆஸ்டின் டவுன் வீட்டில் அப்பா போடும் "குடிலில்", மாட்டுக்கொட்டகையையும் மூன்று ராஜாக்களையும் சுற்றி, சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் ஒன்று ஓடும்; பெத்லகேமில் ஏது ரயில் என்று எங்கள் தெருவில் யாரும் கேட்டதில்லை.

எஞ்சின் கிளிப்பச்சை நிறம். அதை நிஜ எஞ்சினாக்க வேண்டும் என்று ஒரு வருஷம் எனக்கு வெறியே பிடித்தது. உப்புத்தாளால் பச்சையைச் சுரண்டி, கேட்டுக்கு அடித்து மிஞ்சிய கறுப்புப் பெயிண்டைப் பூசி, எஞ்சின் முகப்பில் குறுக்காக இருக்கும் கட்டைக்குப் பக்கத்து வீட்டு அக்காவின் நகப்பூச்சால் சிவப்பு வைத்து, கடைசியில் தெருமுனை இஸ்திரிக்காரரிடம் கரித்தூள் வாங்கிப் புகைபோக்கியைச் சுற்றி விரலால் தேய்த்தேன். "புதுசு மாதிரி இருந்ததுல கரியப் பூசறியேடி, எருமை!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அண்ணன் சார்லஸ் பிரஷ்ஷைக்கூட டர்பன்டைனில் கழுவித் தரவில்லை.

சர்ச் நடத்தும் குடில் போட்டிக்கு மார்க் போட வந்த சாமியார் குனிந்து பார்த்து, "அட, புகைக்கறை கூட இருக்கே! யார் கைவேலை?" என்றார். நாலு பேர் முன்னால் அப்பா வாயால் என் பெயர் வரப்போகிறது என்று நான் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தேன்.

"பையன் செஞ்சது, சாமி" என்று அப்பா அண்ணன் தோளைத் தட்டினார். அண்ணன் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

சாமியார் போனதும் அழுதேன். "பொட்டப்புள்ள ரயிலு செஞ்சான்னா எவன் நம்புவான்? சும்னிரு!" என்று அப்பா கன்னடம் கலந்து அதட்டினார். "யார் பேர் வந்தா என்னடி, வீட்டுக்குத்தானே பெருமை" என்றாள் அம்மா. முதல் பரிசாக வந்த கலர்ப்பெட்டியை அண்ணன் ஒரே வாரத்தில் பம்பரத்துக்கு மாற்றிக்கொண்டான். நோகாமல் நோன்பு கும்பிடுவது என்றால் அதுதான்.

அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்கள். வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள்; குடில்கள் இப்போது கடையில் லைட்டோடு ரெடிமேடாகக் கிடைக்கின்றன. எஞ்சின் மட்டும் அண்ணன் ஃபிளாட்டில், கண்ணாடி அலமாரியில் நிற்கிறது. போன கிறிஸ்துமஸுக்குப் போயிருந்தபோது, உதிர்ந்திருந்த சிவப்பைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினேன். அண்ணன் மகன் ஓடி வந்தான்.

"அத்தே, டச் பண்ணாதீங்க! டாடி சின்ன வயசுல பெயிண்ட் பண்ணது."

அண்ணன் அங்கேயே சோபாவில்தான் உட்கார்ந்திருந்தான். இப்போதாவது சொல்வானென்று அவன் முகத்தையே பார்த்தேன்.

"டீ ஆறுது ஸ்டெல்லா, குடி" என்றான்.