ஏழடித் துண்டுகள்

தனசேகரனை நல்லவர் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். அவருடைய மரவாடியில் பதினெட்டு வருஷம் வேலை பார்த்தவன் நான். கல்வராயன் மலையடிவாரத்தில் வேலிக்கால் வாங்கி விற்று ஆரம்பித்த மனிதர், கள்ளக்குறிச்சியில் மரம் அறுக்கும் மில் வைத்து, பின்னாளில் ஒன்றியச் சேர்மனாகவே ஆகிவிட்டார்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். எலவனாசூர்கோட்டை ரோட்டில் புளியமரங்களைச் சாய்த்தார்கள். முன்னால் நின்று கோஷம் போட்டவர் தனசேகரன். அறுத்தவன் எங்கள் மில் ஆள் சின்னக்கண்ணு. மரம் விழுந்ததும் அவர் அவனிடம், "ஏழடி ஏழடியா அறுத்துப் போடுடா" என்றார். எனக்குச் சுருக்கென்றது. லாரியில் குறுக்கே அடுக்க நாங்கள் அறுக்கிற அளவு அது. வழியை மறிக்க முழு மரம் கிடந்தால்தானே நல்லது?

மறியல் முடிந்த மறுநாள் ரோட்டில் ஒரு துண்டுகூட இல்லை.

தனசேகரன் பத்து நாள் ஜெயிலில் இருந்துவிட்டு மாலையும் கழுத்துமாக வந்தார். சின்னக்கண்ணு மேல் மட்டும் சர்க்கார் மரத்தைத் திருடி விற்றதாக இன்னொரு வழக்கு. அவன் உள்ளேயே கிடந்தான்.

பாராட்டுக் கூட்டத்துக்கு அவன் பெண்டாட்டி தைலம்மாள் வந்தாள். நேராக மேடைக்கு முன்னால் வந்து நின்றாள்.

"மறியலுக்குன்னா மரத்த அப்டியே போட்டா பத்தாதா? எதுக்குங்க ஏழடியா அறுக்கச் சொன்னீங்க? மரமெல்லாம் எங்க போச்சு?"

மேடையோரம் நின்ற என் பக்கம் திரும்பினாள்.

"ராமசாமிண்ணே, நீயும் அங்கதான இருந்த? சொல்லுண்ணே."

"நான் கவனிக்கலம்மா" என்றேன். வேலை போய்விடும் என்ற பயம்.

தனசேகரன் சாவகாசமாக மைக்கைப் பிடித்தார். "இல்லாதப்பட்டவன், ஆசப்பட்டு வித்துட்டான். போவுது வுடுங்க, நம்ம பையன்தான். நானே ஜாமீன் எடுக்குறேன்."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று.

சொன்னபடி ஜாமீன் எடுத்தார். ஆனால் ஊருக்குத் திரும்பிய சின்னக்கண்ணுவுக்குத் திருடன் என்ற பெயர்தான் மிச்சம். எந்த மில்லிலும் அவனைச் சேர்க்கவில்லை.

மரத்தை ஏற்றிக்கொண்டு போனது தனசேகரன்தான் என்று நான் கண்ணால் பார்க்கவில்லை. சந்தேகம்தான். ஆனால் ஏழடி என்று அவர் சொன்னதைக் காதால் கேட்டேனே, அதையாவது சொல்லியிருக்கலாம். சொல்லாத பாவி நான்.

மூன்றாம் மாதம் அவர்கள் மூட்டை முடிச்சோடு கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். சின்னக்கண்ணு என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தைலம்மாள் திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் தேவலை என்றும் இருந்தது.

"போய்ட்டு வரேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறினாள்.