சரக்கும் அவர், கையும் அவர்

ஊசி என்றால் இசக்கியப்பனுக்குக் கைகால் உதறும். காலரா ஊசி போடும் நாளில் துறைமுகத் தொழிலாளிகள் நான் வேலை பார்த்த துறைமுக மருந்தகத்தின் வாசலில் வரிசையாக நிற்பார்கள். இவர் பின்னால் வருகிறவர்களையெல்லாம் முன்னே விட்டுவிட்டுக் கடைசி ஆளாகிவிடுவார்.

"ஏலே, ஒம் பொஞ்சாதிய வரச் சொல்லட்டுமா, மடியில வச்சுப் பிடிச்சுக்கிட?" என்று வரிசையில் நிற்பவர்கள் கேலி பேசுவார்கள்.

அவரும் சிரிப்பார், ஆனால் வேர்த்துக் கொட்டும். நான் நாசரேத்துப் பக்கத்தில் பயிற்சி எடுத்த நர்சு. பயந்தவர்களைக் கையாள்வது என் தொழில். இவரையும் அந்தக் கூட்டத்தில்தான் வைத்திருந்தேன்.

தினமும் பக்கத்துக் கிராமமான புதுக்கோட்டையிலிருந்து சைக்கிளில் வேலைக்கு வருவார். கப்பலில் கை காட்டுவது அவர் வேலை. அப்போது தூத்துக்குடியில் புதிய துறைமுகம் திறக்கவில்லை. பெரிய கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரம் போட்டு நிற்கும். சரக்கு தோணியில் கரைக்கு வரும். கப்பலின் அடியில் கிடக்கும் சரக்கை மேல்தளத்திலிருந்து வின்ச் என்ற பளுதூக்கும் இயந்திரம் தூக்கும். வின்ச் ஓட்டுகிறவருக்குச் சரக்கு கண்ணில் படாது. வின்ச் இரைச்சலில் பேச்சும் கேட்காது. சரக்கு அறையின் வாயோரம் நிற்பவருடைய கைதான் அவருக்குக் கண். சுட்டுவிரல் சுழன்றால் தூக்கு. உள்ளங்கை கீழே அசைந்தால் இறக்கு. கை மூடினால் நிறுத்து. கப்பல் கேப்டனே வந்து கத்தினாலும் கைக்குத்தான் வின்ச் கட்டுப்படும்.

எழுபத்தொன்றாம் வருடம், ஐப்பசி மாதம். கோதுமைக் கப்பல் ஒன்று. சிந்திக் கிடந்த கோதுமை மணியில் கால் வழுக்கி இசக்கியப்பன் சரக்கு அறைக்குள் விழுந்துவிட்டார். டாக்டர் திருநெல்வேலிக்குப் போயிருந்தார். நான் லாஞ்ச் படகில் போய், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கயிற்றேணியில் ஏறி, மறுபடி இரும்பேணியில் உள்ளே இறங்கினேன்.

வலது தொடை எலும்பு முறிந்து தோலைக் கிழித்திருந்தது. இரத்தத்தை நிறுத்தக் கட்டுப் போட்டேன், ஒரு பலகையில் கிடத்தி, காலை அசையாமல் பிணைத்தேன். ஆனால் தொடையில் வெளியே தெரிவதைவிட உள்ளே வடிவதுதான் அதிகம். சீக்கிரம் கரைக்குப் போகாவிட்டால் ஆள் பிழைக்க மாட்டார். செங்குத்தான ஏணியில் அவரைத் தூக்கிக்கொண்டு ஏற முடியாது. சரக்கு வலையில் வைத்து வின்ச்சில்தான் தூக்க வேண்டும். கடலோ அன்று கொந்தளிப்பு. கப்பல் சாயும் நேரம் பார்க்காமல் தூக்கினால் வலை ஆடி அறை வாயின் இரும்பு விளிம்பில் மோதும்.

வின்ச்காரர் செல்வதுரை மேலிருந்து எட்டிப் பார்த்துச் சொன்னார்: "கை இல்லாம நான் தொட மாட்டேன்."

கை காட்டத் தெரிந்த இன்னொருவர் அடுத்த கப்பலில் இருந்தார். அவரை அழைத்துவரும்வரை இரத்தம் காத்திருக்காது. எல்லாரும் ஒரே நேரத்தில் யோசனை சொன்னார்கள். கீழே கிடந்தவர்தான் தீர்த்துவைத்தார்.

"நானே காட்டுதேன். ஏலே வன்னியபெருமாள், நீ மேல போயி வாயோரமா நில்லு. எங் கையப் பாத்து அப்படியே காட்டு. நீயா ஒண்ணும் யோசிக்காத. எவன் கத்தினாலும் திரும்பாத."

மூட்டை தூக்கும் வன்னியபெருமாள் அழுதுகொண்டே ஏறினார். நான் வலி குறைக்கும் ஊசியை எடுத்தேன். இசக்கியப்பன் வேண்டாம் என்று தலையசைத்தார்.

"இப்பமுமா பயம்?" என்று அதட்டினேன்.

"பயந்து சொல்லலம்மா. அது போட்டா மயக்கிரும்லா? கை போயிரும்."

ஊசியைப் போடாமல் பெட்டிக்குள் வைத்துவிட்டேன். அவரைப் பலகையோடு சரக்கு வலையில் வைத்தார்கள். காலைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்பதால் நானும் வலைக்குள் ஏறிக்கொண்டேன். ஒரு கையால் அவருடைய இடது மணிக்கட்டில் நாடி பார்த்தேன். கோழிக்குஞ்சின் நெஞ்சு போல அடித்தது. அவர் வலது கையை உயர்த்தினார். விரல் சுழலவில்லை. கை மூடியே இருந்தது.

மேலே கப்பல் அதிகாரி ஒருவர் தூக்கு, தூக்கு என்று கத்தினார். இசக்கியப்பன் அவரைப் பார்க்கவில்லை. சரக்கு அறையின் இரும்புச் சுவரில் விழுந்திருந்த வெயிலைப் பார்த்தார். கப்பல் சாயச் சாய அந்த வெயில் சுவரில் ஏறியது, இறங்கியது. அது இறங்கி நின்ற கணத்தில் விரல் சுழன்றது. தரையிலிருந்து எழுந்தோம்.

பாதி உயரத்தில் வலை ஆட ஆரம்பித்தது. கை மூடியது. நின்றோம். வெயில் மறுபடி இறங்கி வந்ததும் விரல் சுழன்றது. விளிம்பு என் தோளுக்கு எட்டும் தூரத்தில் வந்தபோது கப்பல் திடீரென்று சாய்ந்து, இரும்பு எங்களை நோக்கி வந்தது. தூக்கிவிட்டால் தப்பலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. மேலே நின்றவர்களும் அதைத்தான் கத்தினார்கள். அவருடைய உள்ளங்கை கீழ்நோக்கி அசைந்தது. வன்னியபெருமாளின் கையும் அசைந்தது. ஒரு முழம் இறங்கினோம். மேலே கயிறு விளிம்பில் உரசிக்கொண்டு போனது. நாங்கள் அடியில் ஆடி நின்றோம்.

நாற்பது வருடம் நர்சு வேலை பார்த்திருக்கிறேன். பயமில்லாதவர் என்று நான் யாரையும் நம்பியதில்லை. என் விரலுக்கடியில் இடது கையின் நாடி தாறுமாறாக ஓடிக்கொண்டிருந்தது. கண்ணெதிரே வலது கை ஒரு சாதாரண நாளில் கோதுமை இறக்குகிற வேகத்தில் அசைந்தது. இரண்டும் ஒரே உடம்பு என்பதை இப்போது நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது.

கப்பல் நிமிர்ந்ததும் விரல் மறுபடி சுழன்றது. வலை வெளியே வந்து, கப்பலின் பக்கவாட்டில் இறங்கி, பலகை தோணியைத் தொட்டது. கடைசியாகக் கையை மூடினார். அதே கையை என் பக்கம் நீட்டினார்.

"இப்பப் போடுங்கம்மா," என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணை இறுக மூடினார். ஊசி உள்ளே போனதும் தோணிக்காரர்கள் திடுக்கிடும்படி "யம்மோ!" என்று அலறினார்.

கால் பிழைத்தது, சற்றுக் குட்டையாகப் போயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது எப்படி முடிந்தது என்று கேட்டேன்.

"வலிச்சுதும்மா. செத்துப்போவேன்னும் தெரியும். ஆனா வலையில கெடந்தது சரக்கும்மா. நான் கை காட்டுத ஆளு. சரக்கு அழுதா நான் என்ன செய்ய?"

அடுத்த காலரா ஊசி நாளில் நொண்டிக்கொண்டு வந்தார். வரிசையில் கடைசி ஆள். அன்று யாரும் கேலி பேசவில்லை. அவருக்குத்தான் அது பிடிக்கவில்லை.

"என்னலே, எல்லாவனும் ஊமையாயிட்டிய?" என்றார், வேர்வையைத் துடைத்துக்கொண்டே.