கடிபடாத இலை

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் மகள் என்னைக் குளக்கரை நடைபாதைக்கு இழுத்துக்கொண்டு போனாள். ஆகாயத்தாமரை பூத்திருக்கிறதாம், படம் எடுக்க வேண்டுமாம். "அத்தை, ஊட்டியாட்ட இருக்குதுல்ல?" என்றாள். கக்கூஸ் தண்ணீரும் கோழிக்கடைக் கழிவும் ஒரே குழாயில் வந்து விழுகிற இடத்தில் நின்றுதான் சிரித்தாள். நான் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு படம் எடுத்தேன்.

அந்த நாற்றம் எனக்குப் பழக்கம்தான். படித்து முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு பண்ணையில் தொட்டி தொட்டியாக வண்டு வளர்ப்பது. நம்புங்கள், சம்பளத்துக்குத்தான். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய கூன்வண்டு. ஆகாயத்தாமரையைத் தவிர வேறெதையும் தின்று பிழைக்கத் தெரியாது. வண்டு இலையைச் சுரண்டும், அதன் புழு தண்டைக் குடையும், செடி மெல்ல அழுகி மூழ்கும். மெல்ல என்றால் வருஷக்கணக்கில். சாக்கடை மணக்க வீடு திரும்பும் என்னைப் பார்த்து, "பொண்ணு பாக்க வாரவங்ககிட்ட என்னன்னு சொல்றது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொள்வார்.

வண்டுகளை டிபன் பாக்ஸில் போட்டு டவுன் பஸ்ஸில் இதே குளத்துக்குக் கொண்டுபோவேன். "மத்தியானச் சோறுங்களா அம்மணி?" என்று பக்கத்து சீட்டுக்காரர் ஒருமுறை கேட்டார். ஆமாங்க என்றுவிட்டேன். மூடியில் ஏன் ஓட்டை என்று நல்லவேளை அவர் கேட்கவில்லை.

குளத்தில் மீன் பிடிக்கிற சின்னான் அண்ணன்தான் என்னைப் பரிசலில் ஏற்றிக்கொள்வார். செடி மூடியதில் வலை வீச இடமில்லாமல் பாதி நாள் கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். "இத்துனூண்டுதானுங்களா? இது தின்னு முடிக்கறதுக்குள்ள நான் போய்ச் சேந்துருவனுங்க" என்றார் முதல் நாள். அப்புறம் அவரே இலைகளைத் திருப்பித் திருப்பிக் கடி தேடினார். அம்மைத் தழும்பாட்டம் கடி. இரண்டாம் வருஷ மழைக்குப் பிறகு மேற்கு மூலை பழுப்பாகிச் சாய்ந்து, நாலு பாய் விரிக்கிற அளவுக்குத் தண்ணீர் தெரிந்தது. அதில் வலை போட்டு ஒரு ஜிலேபிக் கெண்டையைத் தூக்கிக் காட்டினார். "உங்க வண்டு சம்பாதிச்சதுங்க அம்மணி!" எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

அப்போதுதான் நடைபாதைத் திறப்பு விழா வந்தது. குளம் கருகி அசிங்கமாகக் கிடக்கிறதென்று மாநகராட்சியில் பொக்லைனை இறக்கினார்கள். அந்தக் கருகல்தான் சார் எங்கள் வேலை, ஓர் ஓரத்தையாவது விட்டுவையுங்கள் என்று கெஞ்சினேன். "பூச்சிக்காக விழாவை நிறுத்தச் சொல்றீங்களாம்மா?" என்றார் அதிகாரி. செடியும் வண்டும் புழுவுமாக வாரிக் கரையில் குவித்தார்கள். குவியல் வெயிலில் அழுகி நாறவே பிளீச்சிங் பவுடர் தூவி, பக்கத்திலேயே வாழைமரம் கட்டி, விழாவுக்கு வந்தவர்களை மாலை போட்டு வரவேற்றார்கள். கல்யாண மண்டபத்தில் வாழைமரத்தைப் பார்த்தால் இன்றும் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோய்விடுகிறேன். சாக்கடைக் குழாயை மட்டும் ஒருவரும் தொடவில்லை.

மிச்சமிருந்த துண்டுகளிலிருந்து சில மாதத்தில் செடி திரும்ப மூடியது. எங்கள் பண்ணையையும் அதற்குள் மூடிவிட்டார்கள். சின்னான் அண்ணன் போன் செய்தார். "வண்டு மிச்சமிருந்தாக் கொண்டாங்க அம்மணி. பரிசல இன்னும் விக்கலீங்க." தொட்டிகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்கள் என்றேன். "செரிங்க" என்று வைத்துவிட்டார். பிறகு அந்தக் கரையில் அவரையும் பார்க்கவில்லை, பரிசலையும் பார்க்கவில்லை.

ஞாயிறன்று படமெடுத்து முடித்ததும் குனிந்து ஓர் இலையைத் திருப்பினேன். இன்னொன்று. இன்னும் பத்துப் பதினைந்து. ஒரு கடிகூட இல்லை. எண்ணெய் தடவியதுபோல மினுங்கின.

"சீ, அத்தை! அதையப் போயித் தொடறீங்களே, கையக் கழுவுங்க" என்றாள்.

கழுவலாம் என்று குளத்தைப் பார்த்தேன். கரை முதல் கரை வரை இலைதான், தண்ணீரைக் காணோம்.