பச்சைப் பெயிண்ட் அடித்த கம்பி

பெட்ரோல் குழாயில் உரசி ஓடும்போது மின்னூட்டம் சேரும்; மண்ணுக்கு இறங்க வழியில்லாமல் அது பொறியாகத் தாவினால் பங்க்கே சாம்பலாகிவிடும். டேங்கர் லாரி ஓட்டும் மாசாணத்துக்குத் தூக்கத்திலும் இதே பயம்தான். தரையில் நட்ட இரும்புக் கம்பியில் எர்த் ஒயரை மாட்டாமல் வால்வைத் தொடமாட்டார்.

தொண்ணூற்றாறில், ஆயுத பூஜைக்கு மறுநாள், காரமடைப் பக்கம் ஒரு பங்க்கில் ஒயரை மாட்டிவிட்டுத்தான் வால்வைத் திறந்தார். பாதி இறங்கியிருக்கும். லாரி டேங்குக்கு அருகே இருந்த வலக்கை முடி மட்டும் குத்திட்டு நின்றது. இடக்கை முடி படிந்தே கிடந்தது. குளிரென்றால் இரண்டு கையும் அல்லவா சிலிர்க்கும்?

"ஏனுங்க, கம்பிய ஏதாச்சும் பண்ணீங்களா?" பங்க் முதலாளியைக் கேட்டார்.

"பூசைக்குப் பச்சைப் பெயிண்ட் அடிச்சுப்போட்டேனுங்க, ரெண்டு கோட்டு! ஒயரு சரியா மாட்டலீங்களா?" முதலாளி ஒயரைப் பிடிக்கக் கையை நீட்டினார்.

"தொட்டுப்போடாதீங்க சாமி!"

பெயிண்ட் மின்னூட்டத்தைக் கடத்தாது; அதன்மேல் மாட்டிய ஒயர் எதற்கு உதவும்? இருவரும் விலகி நின்றார்கள். பெட்ரோல் முழுதும் இறங்கி வெகுநேரம் கழித்து மாசாணம் கையை நீட்டிப் பார்த்தார். வலக்கை முடி படிந்துவிட்டது.

அப்புறம்தான் இரண்டு கையிலும் முடி ஒருசேர எழுந்தது. அது இன்னும் படியவில்லை என்கிறாள் அவர் மனைவி பொற்கொடி.