ரைட்டரின் மூக்கு

மாரிக்கனியை ராஜபாளையத்தில் இன்னமும் ஏட்டம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலைமைக் காவலராக ஓய்வு பெற்று ஆறு வருஷமாகிறது. லத்தியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார், குரலைக் கொடுக்கவில்லை. அவருடைய வெள்ளை நாய்க்கு ரைட்டர் என்று பெயர். "ஸ்டேஷன்ல ரைட்டரக் கூப்பிட்டா ஒரு நாளும் வந்ததில்ல. இதாவது வரட்டுமேன்னுதான்" என்பார்.

ஊரில் மூட்டை அடுக்கிவைத்த பழைய பஞ்சுக் கிட்டங்கி ஒன்றை ஓவியக்கூடமாக மாற்றியிருந்தார்கள். கோடையில் வாரம் ஒரு வெளியூர் ஓவியர் வந்து தங்குவார். சனிக்கிழமை சாயங்காலம் ஊர்க்காரர்கள் போய் அவரோடு பேசலாம். டீயும் சுண்டலும் உண்டு. மாரிக்கனி முதலில் போனது அங்கிருந்த பெரிய மின்விசிறிக்காக. போனவருக்கு விசாரணைப் பழக்கம் விடவில்லை. ஒரு படத்தைக் காட்டி, "இந்த மரம் எந்த ஊர்ல நிக்குது? எத்தன மணிக்குப் பாத்தீய?" என்று கேட்டார். ஓவியர் வேர்த்துப்போய், போட்டோவைப் பார்த்து வரைந்ததை ஒப்புக்கொண்டார். அதிலிருந்து ஒரு சனிக்கிழமையும் மாரிக்கனி தவறவிட்டதில்லை.

மே மூன்றாம் வாரம் சென்னையிலிருந்து கௌதம்ராஜ் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்தை வரைய வந்தவர், ரைட்டரைப் பார்த்ததும் கோபுரத்தை மறந்தார். மூன்று நாள் நாயை உட்காரவைத்து வரைந்தார். முடியும்வரை யாரும் பார்க்கக் கூடாது என்றார். விசாரணை முடியுமுன் கேஸ் கட்டைக் காட்டக் கூடாது என்பது மாரிக்கனிக்குத் தெரியாதா?

அந்தப் படம் அவருக்கு ரொம்பவே தேவைப்பட்டது. தளவாய்புரத்து நாத்தனார் ஈஸ்வரி நாலு வருஷமாக, காதுகுத்து வீடானாலும் கல்யாண வீடானாலும், "எங்க மதினி நாய் அசல் ராஜபாளையம் இல்ல, கலப்பு" என்று சொல்லி வந்தார். சென்னை ஓவியர் வரைந்து சுவரில் மாட்டிவிட்டால் அப்புறம் வாய் திறக்க முடியுமா? சனிக்கிழமை ஆறு மணிக்கு வரச்சொல்லி மாரிக்கனியே போன் போட்டார்.

ஐந்தேகாலுக்கு கௌதம்ராஜ் துணியை விலக்கினார். பால் வெள்ளை உடம்பு, பொன் நிறக் கண். நடுவில், பால்கோவாவில் உட்கார்ந்த வண்டு மாதிரி ஒரு கறுப்பு மூக்கு.

"தம்பி, இது யாரு மூக்கு?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பாவம் மேடம், வெயில்ல தோல் உரிஞ்சு ரோஸ் ஆகியிருந்துச்சு. டாக்டர்கிட்ட காட்டுங்கன்னு சொல்லத் தயக்கம். படத்துலயாவது குணப்படுத்திடலாம்னு..."

முப்பத்து மூன்று வருஷ சர்வீஸில், இத்தனை நல்ல மனசோடு செய்த குற்றத்தை மாரிக்கனி பார்த்ததில்லை.

"ஏலே தம்பி! ராஜபாளையம் நாய்க்கு மூக்கே ரோஸுதாம்லே! அதுதான் அதுக்கு ஆதார் கார்டு. கறுப்பா இருந்தாத்தான் கலப்பு!"

"ஆயில் பெயிண்ட், மேடம். இப்ப மாத்தினா காய நாலு நாளாகும்."

"காயாட்டிப் போகுது. ஆறு மணிக்கு என் நாத்தனா வாரா."

ரைட்டரை எதிரே உட்காரவைத்தார்கள். கௌதம்ராஜ் கறுப்பைச் சுரண்டி எடுத்துவிட்டு ரோஸ் குழைத்தார். முதல் ரோஸ் பல்பொடி மாதிரி இருந்தது. அடுத்தது பஞ்சுமிட்டாய். மூன்றாவதைப் பார்த்து மாரிக்கனி தலையாட்டினார். அதைக் கௌதம்ராஜ் பூசி முடித்தபோது வாசலில் ஆட்டோ வந்து நின்றது.

ஈஸ்வரி நாயைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி நாயைப் பார்த்தார்.

"வரையிதவுகளுக்கு என்ன மதினி? நீங்க சொன்ன கலரப் பூசியிருப்பாவ."

மாரிக்கனி ரைட்டரின் முகத்தைப் பிடித்துப் படத்துக்கு நேரே திருப்பிக் காட்டினார்.

அதிலும் சந்தேகம் தீராத ஈஸ்வரி, கௌதம்ராஜ் தடுக்குமுன் படத்தின் மூக்கைத் தொட்டே பார்த்துவிட்டார்.

"அடியாத்தி! மூக்கு ஈரமால்லா இருக்கு! நெச நாய் மூக்கு கணக்கா!" என்று அசந்துபோய், அதே விரலை எடுத்துத் தன் மூக்கின் மேல் வைத்தார்.

சுண்டல் தின்றுகொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரைட்டர் எழுந்து வந்து ஈஸ்வரியை முகர்ந்து பார்த்து, தன் இனம்தான் என்பதுபோல அவர் காலடியில் படுத்துக்கொண்டது.

"எம்புட்டு ஒரிஜினல் மதினி!" என்றார் ஈஸ்வரி, ரோஸ் மூக்கோடு.

"நீ சொன்னாச் சரிதான் ஏட்டி" என்றார் மாரிக்கனி. சிரிப்பை அடக்கிக்கொண்டு முந்தானையால் நாத்தனார் மூக்கைத் துடைத்துவிட்டார். ஈஸ்வரி வேர்வை என்று நினைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு கௌதம்ராஜ் தூரிகையோடு வந்தார். படத்தின் மூக்கில் விரல் பட்ட இடம் அமுங்கி, ரேகை சுழி சுழியாகத் தெரிந்தது. "ஒரு நிமிஷம் மேடம், சரி பண்ணிடறேன்."

மாரிக்கனி அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும் தம்பி. நாளைக்கே மாத்திப் பேசுவா. கைரேகை நம்மகிட்ட இருக்கணும்."