தொட்டியத்திலிருந்து அப்பாவுக்கு வந்த மாலை

சபையில் சாட்சி சொல்லும்போது மற்றவர்களுக்குக் குரல் தழுதழுக்கும். எனக்குச் சிரிப்பு வந்துவிடும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆண்டவர் செய்த நன்மை என் பதற்றத்தின் வழியாகத்தான் வந்தது.

என் அப்பா ஓய்வுபெற்ற மெதடிஸ்ட் போதகர். சில வருடங்களுக்கு ஒருமுறை மாற்றல் வரும், கட்டில் பாத்திரங்களோடு லாரி ஏறுவோம். எந்த ஊரிலும் ஒரு வீட்டுக்குள் போனால் ஜெபிக்காமல் அவர் வெளியே வந்ததில்லை. ஓய்வுக்குப் பின் அம்மாவும் அவரும் ஸ்ரீரங்கத்தில் என்னோடு மாடி வீட்டில் இருந்தார்கள். கீழ் வீட்டு மாமிகூட இடுப்பு வலி என்றால், "ஐயா, எனக்காக வேண்டிக்கோங்கோ" என்று படியேறி வருவார்.

பிறகு அம்மா போய்விட்டார். அடக்கத்தன்று அப்பா அழவில்லை. அன்றிலிருந்து ஜெபிக்கவும் இல்லை. பேச்சும் குறைந்து குறைந்து நின்றுபோனது. சாப்பிட உட்கார்ந்தால் நாங்கள் அவர் முகத்தைப் பார்ப்போம், அவர் தட்டைப் பார்ப்பார். சோறு ஆறிவிடும். பகலெல்லாம் பாலக்கரையில் என் பேட்டரி கடை. வீட்டுக்கு வந்தால் அவரைக் குளிப்பாட்டி, ஊட்டி, படுக்க வைக்க வேண்டும். முதுகு வலித்தது, அலுத்துப்போனேன். அப்பாவின் மேல் எரிச்சல்கூட வந்தது.

போன ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஒரு காலை எழுப்பினால் அவர் கண்ணே திறக்கவில்லை. ஆம்புலன்சைக் கூப்பிட வேண்டியவன் என்ன செய்தேன் தெரியுமா? லுங்கியோடு தெருவுக்கு ஓடி டவுன் பஸ்ஸை மறித்தேன். எங்கே போகணும் என்று கேட்டார் கண்டக்டர். தெரியலைங்க என்றேன். ஆம்புலன்சைக் கூப்பிட்டது என் மனைவி ஸ்டெல்லா.

திருச்சி ஆஸ்பத்திரியில், உடம்பில் சோடியம் ரொம்பக் குறைந்துவிட்டது, வயதானவர், பார்க்கலாம் என்றார்கள். அப்பாவின் பழைய சபை மக்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் ஜெபிக்கச் சொல்லிக் கேட்க நினைத்தேன். முதலில் அவர் படத்தை அனுப்பினேன். வெள்ளை அங்கி, கூப்பிய கை, புன்னகை. கீழே விஷயத்தை எழுதுவதற்குள் போனில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது. சார்ஜரோ வீட்டில்.

ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்தேன். போதகர் மகன்தான், ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. கடைசியில் இப்படிச் சொன்னேன்: "ஆண்டவரே, எனக்கு ஜெபம் பண்ணத் தெரியலை. அப்பாவுக்குத்தான் தெரியும். அவரையே பண்ண வைங்க." அவ்வளவுதான். ஆமென் சொல்லக்கூட மறந்துவிட்டேன்.

மறுநாள் கண் திறந்தார். அதற்கடுத்த நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போதும் பேச்சில்லை. அவரை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுத் திறந்தால் குழு முழுக்க அனுதாபச் செய்திகள். படத்தைப் பார்த்தவர்கள் அப்பா போய்விட்டார் என்றே நினைத்திருக்கிறார்கள். என்னைக் கூப்பிட்டுப் பார்த்து, போன் அணைந்திருந்ததும் அது உறுதியாகிவிட்டது. நான் வியர்த்துப்போய் மறுப்பு எழுதிக்கொண்டிருந்தபோது வாசலில் ராஜம்மா அக்கா வந்து நின்றார். அப்பா தொட்டியத்தில் ஊழியம் செய்தபோது அந்தச் சபையில் இருந்தவர், வாழைத்தோட்டக்காரர். கையில் ஆளுயர மாலை.

"ஐயா..." என்றார். மாலையை முதுகுக்குப் பின்னால் மறைக்கப் பார்த்தார். அது எங்கே மறையும்?

அப்பா மாலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அடக்கம் எத்தனை மணிக்கு?" என்றார்.

எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் பேச்சு. ராஜம்மா அக்கா சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டார். அது நிற்கவில்லை. அப்பா அவரையே பார்த்தபடி, வீட்டுக்காரர் எப்படி இருக்கிறார் என்று கேட்டார்.

"அவரும் போயிட்டாருங்க ஐயா. அம்மா தவறின நேரம், உங்க பாரமே பெருசுன்னு சொல்லாம விட்டுட்டேன்."

அப்பா கையை நீட்டினார்.

"ஜெபம் பண்ணலாம்மா."

கண்ணை மூடினார். குரல் வரவில்லை, இருமினார். நான் தண்ணீர் எடுக்க எழுந்தேன், ஸ்டெல்லா என் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். "ஆண்டவரே," என்று ஆரம்பித்தார் அப்பா, "எங்க ரெண்டு பேருக்கும் ரொம்பக் களைப்பா இருக்கு." அவ்வளவுதான் வந்தது. பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னார். அழுதார். அடக்கத்தன்று வராத அழுகை.

ஆமென் சொன்னது நான்தான். கீழ் வீடு வரை கேட்டிருக்கும்.

இன்று அப்பா சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கிறார். சில நாள் பாதியில் நின்றுவிடுவார், நாங்கள் காத்திருப்போம். என் முதுகுவலி அப்படியே இருக்கிறது, அலுப்பும் இருக்கிறது. ஆனால் எரிச்சல் போய்விட்டது. கடை திறக்கும் முன் நானும் தட்டுத்தடுமாறி ஜெபிக்கிறேன். உங்கள் வீட்டிலும் வாய் மூடிப்போன ஒருவர் இருந்தால், அவரைச் சுமந்து நீங்கள் ஓய்ந்துபோயிருந்தால், நல்ல வார்த்தை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். முடியவில்லை என்று ஆண்டவரிடமே சொல்லுங்கள். மாடிப்படியில் உட்கார்ந்து சொன்னாலும் கேட்கிறார். என்னுடையதையே கேட்டாரே.